வரைவு விதிகளுக்கு நாம் என்ன எழுதி அனுப்பலாம்? (நோய்க்காலத்தில் குடும்பத்தைப் பார்க்கிற உரிமை பற்றி; தென்னாப்பிரிக்கா, 2022 ஏப்ரல்)

காவடிப்பூ (சாட்ஸ்வொர்த்), திங்கள் காலை 8.10

எல்லோருக்கும் வணக்கம். கோவிடுக்காக 2020 மார்ச் 15 அன்று அறிவித்த தேசியப் பேரிடர் நிலை இந்த 2022 ஏப்ரல் 4 நள்ளிரவோடு முடிந்தது. அதன் இடத்தில் வைப்பதற்காகச் சுகாதார அமைச்சகம் தேசிய சுகாதாரச் சட்டத்தின் கீழ் புது விதிகளை வரைந்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. கூட்டம், இறுதிச்சடங்கு, தனிமைப்படுத்துதல் எல்லாம் அதில் வருகின்றன. நாளைக்கு இன்னொரு நோய் வந்தால் இந்த மாதிரி விதிகள்தான் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

நம் ஆட்கள் வாட்ஸப்பில் முகக்கவசம் பற்றியும் தடுப்பூசி பற்றியும் சண்டை போடுகிறார்கள். பெற்ற தாயைப் பார்க்க முடியாமல் இருந்தோமே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சட்டத்தில் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2020-ல் வந்தது 2002-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படியான பேரிடர் நிலை. அவசரநிலை வேறு. நம் அரசியல் சாசனத்தின் 37-ஆம் பிரிவுப்படி அவசரநிலை அறிவித்தால்தான் சில உரிமைகளை நிறுத்திவைக்க முடியும். பேரிடர் நிலையில் எந்த உரிமையும் நின்றுபோவதில்லை. கட்டுப்படுத்த வேண்டுமென்றால் 36-ஆம் பிரிவு கேட்கிற கேள்விகளுக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும்: எதற்காக, எவ்வளவு தூரம், இதைவிடக் குறைவாக வலிக்கிற வழி இருந்ததா?

குடும்ப வாழ்வுக்கு என்று நம் சாசனத்தில் தனிப் பிரிவு கிடையாது. ஆனால் 2000-ஆம் ஆண்டு தாவூத் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம், கணவன் மனைவியைச் சேர்ந்து வாழவிடாமல் தடுப்பது 10-ஆம் பிரிவு காக்கிற மனித கண்ணியத்தையே தொடுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. குழந்தை விஷயத்தில் 28-ஆம் பிரிவு இன்னும் தெளிவு. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது.

எனவே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எந்த விதி தடுத்தது, அந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம், இந்த இரண்டும் இருந்தால் எனக்குப் போதும். ஆஸ்பத்திரி, காவல் நிலையம், முதியோர் இல்லத்தின் பெயரைப் போட வேண்டாம். நாம் இப்போது வழக்குப் போடவில்லை.

வார்டுவிளக்கு (டர்பன்), திங்கள் காலை 9.45

காவடிப்பூ அக்கா, நான் நர்ஸ். இரண்டு அலையிலும் கோவிட் வார்டில் இருந்தேன். பார்வையாளரை நிறுத்தியது தப்பு என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

2020 மார்ச்சில் இங்கே செயின்ட் அகஸ்டின்ஸ் ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நான் அங்கே வேலை செய்யவில்லை, ஆனால் அந்த ஆய்வறிக்கையை எங்கள் வார்டில் எல்லோரும் படித்தோம். ஒரே ஒரு நுழைவிலிருந்து பரவியிருக்க வேண்டும் என்று மரபணுப் பரிசோதனை காட்டியது. 39 நோயாளிகள், 80 ஊழியர்கள், மொத்தம் 119 பேருக்குத் தொற்று. 15 நோயாளிகள் இறந்தார்கள். அங்கிருந்து ஒரு முதியோர் இல்லத்துக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கும் போனது. ஒரு கட்டடத்துக்குள் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தவர்களுக்குக் கதவை மூடுகிற பயம் புரியும்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கே கவச உடை போதவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கவுன், ஒரு மாஸ்க் கொடுக்க எங்கே போவது?

ஜோபர்க் மதுரையான், திங்கள் காலை 10.20

சிஸ்டர், அந்த அறிக்கையை நானும் படித்தேன். பரவல் பெரும்பாலும் வார்டு விட்டு வார்டு மாற்றிய நோயாளிகள் வழியாகவும் ஊழியர் வழியாகவும்தான் போனது என்றுதானே அதில் இருக்கிறது? பார்க்க வந்த மகளால் என்று இல்லையே.

வார்டுவிளக்கு, திங்கள் காலை 10.50

உண்மைதான் தம்பி. ஆனால் அதை வைத்து மகள் வந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. ஊழியரே இத்தனை பேருக்குக் கடத்தியிருக்கிறோம் என்றால், பயிற்சி இல்லாத ஆள் உள்ளே வந்தால் இன்னும் கவனம் வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் ஒரு தாத்தாவுக்கு இங்கிலீஷ் சரியாக வராது. மூச்சுத் திணறும்போது தமிழில்தான் பேசுவார். தண்ணீர் கேட்கிறாரா, மகளைக் கேட்கிறாரா என்று பக்கத்தில் இருந்த டாக்டருக்குத் தெரியாது. எனக்கு ஓரளவு தெரியும் என்பதால் மற்ற வார்டிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். என் போனை நெகிழிப் பையில் போட்டு அவர் காதில் வைத்துப் பிடித்தேன். மகள் அந்தப் பக்கம் திருவாசகம் படித்தார். ஆக்சிஜன் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. ஆனாலும் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, படித்து முடியும் வரை விடவில்லை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது, நான் நகரவில்லை.

அந்த மகளுக்கு ஒரு கவுனைக் கொடுத்து, இருபது நிமிடம் உள்ளே விட்டிருக்கலாம். ஜூலையில் எங்களிடம் கவுன் இருந்தது. ஏப்ரலில் போட்ட தடை ஜூலையிலும் அப்படியே இருந்தது. அதுதான் என் குறை. தடையைப் போட்டவர் திரும்பி வந்து பார்க்கவே இல்லை.

காவடிப்பூ, திங்கள் காலை 11.05

இதுதான் நமக்கு வேண்டியது சிஸ்டர். தடை போட்ட நாளின் நிலைமை வேறு, மூன்று மாதம் கழித்து வேறு. 'இத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை, காரணத்தை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்' என்று கேட்கலாம்.

வெர்யுலம் கடைக்காரர், திங்கள் பகல் 1.30

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் மறுபக்கம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பெரியம்மா 2020 டிசம்பரில் தவறினார். சுடுகாட்டில் கணக்குப் பார்த்து உள்ளே விட்டார்கள். சரி. பதினாறாம் நாள் வீட்டில் நடந்தது. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. டர்பனிலிருந்தும் ஸ்டேங்கரிலிருந்தும் வந்தார்கள். அடுப்படியில் பெண்கள் மாஸ்க் இல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டு பேசினார்கள், ஆண்கள் கொட்டகையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வராதவர்களைக் குறை சொன்னார்கள். பத்து நாளில் எங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல். ஜனவரியில் போய்விட்டார். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் நாங்கள் நான்கு பேர் மட்டும் செய்தோம்.

குடும்பம் குடும்பம் என்று சொல்லித்தான் என் குடும்பத்தில் ஒருவரை இழந்தேன். உயிரோடு இருப்பதும் மனித உரிமைதானே? சாசனத்தில் 11-ஆம் பிரிவு அதற்குத்தானே? அதை யார் எழுதி அனுப்பப் போகிறீர்கள்?

நெட்டால்நிலா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்), திங்கள் பகல் 2.15

அண்ணா, மனசு கேட்கவில்லை. அப்பாவுக்கு என் அஞ்சலி.

காவடிப்பூ, திங்கள் பகல் 3.00

அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்வது அந்தக் கடிதத்தில் முதல் பத்தியாக வரும், நான் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். கொட்டகையில் நூறு பேர் கூடுவதும், சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் கவச உடை போட்டு ஒருவர் உட்கார்வதும் ஒன்றா? 2020-ல் சட்டம் இதைத் தலைகீழாகச் செய்தது. உயிர் போகும் முன் பார்க்கப் போவதற்கு வழியில்லை. உயிர் போன பிறகு 50 பேர் வரை போகலாம், மாகாணம் தாண்டிப் போகக்கூட அனுமதிச் சீட்டு உண்டு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2020 ஜூன் 2 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் டி பேர் வழக்கில் நீதிபதி நார்மன் டேவிஸ் இந்த முரணைத்தான் எடுத்துக் காட்டினார். சாகிறவருக்குத் துணையாக இருந்தவர்கள் போகக் கூடாது, செத்த பிறகு இறுதிச்சடங்குக்குப் போகலாம் என்பதில் என்ன நியாயம் என்று கேட்டார். அந்த அடிப்படையில் ஊரடங்கின் நான்காம் கட்ட, மூன்றாம் கட்ட விதிகள் (கட்ட எண் குறையக் குறையக் கட்டுப்பாடு தளரும்) பெரும்பாலும் செல்லாது என்றார்.

ஜோபர்க் மதுரையான், திங்கள் பகல் 3.20

அந்தத் தீர்ப்பு பிறகு மேல்முறையீட்டில் அடிபட்டுப் போனதே அக்கா. அதைக் காட்டினால் ஒரே கேள்வியில் நம்மை உட்கார வைத்துவிடுவார்கள்.

காவடிப்பூ, திங்கள் பகல் 3.40

ஆமாம், 2021 ஜூலை 1-ல் புளூம்ஃபொன்டெய்னில் உள்ள மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஏன் தள்ளியது என்பதுதான் நமக்குப் பாடம் தம்பி. எந்த விதி எந்த உரிமையை எப்படி மீறுகிறது என்று தனித்தனியாகச் சொல்லாமல், மொத்தத்தையும் ஒரே வீச்சில் எதிர்த்தார்கள். அரசு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே தெளிவாக இல்லை. அப்படிப்பட்ட வழக்கில் விதிகளை மொத்தமாகச் செல்லாது என்று சொல்லியிருக்கக் கூடாது என்றது மேல் நீதிமன்றம்.

எனவே 'ஊரடங்கு மனித உரிமை மீறல்' என்று பொதுவாக எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். ஒரு விதி, அதனால் ஒரு மனிதருக்கு வந்த கேடு, அதற்கு மாற்று. இப்படி ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

ரெண்டுவீடு (டர்பன் நார்த்), திங்கள் மாலை 6.30

அப்படியானால் என் விஷயத்தை ஒவ்வொன்றாகவே சொல்கிறேன்.

நானும் மகளின் அம்மாவும் பிரிந்துவிட்டோம். சண்டை எதுவும் இல்லை, வாய்ப்பேச்சில் ஏற்பாடு: பள்ளி நாளில் அம்மா வீடு, விடுமுறையில் என் வீடு. மார்ச் 26 நள்ளிரவில் ஊரடங்கு வந்தது. அந்த நேரத்தில் பிள்ளை எந்த வீட்டில் இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 7-ல் திருத்தினார்கள்: நீதிமன்ற ஆணையோ, ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தில் (பெற்றோர் பிரிந்தால் பிள்ளையின் நலனைப் பார்க்கிற அரசு அலுவலகம்) பதிவான ஒப்பந்தமோ இருந்தால், போகிற வீட்டில் தொற்று இல்லையென்றால், கூட்டிப் போகலாம். என்னிடம் இரண்டும் கிடையாது. கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போட்டவர்களுக்குக் காகிதம் இருந்தது. பேசித் தீர்த்துக்கொண்ட எங்களுக்கு இல்லை. மே மாதத்தில்தான் பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும் என்று ஆனது.

வீடியோவில் தினமும் பேசினோம். அவளுக்கு ஆறு வயது. முதல் வாரம் ஓடி வந்து பேசினாள். அப்புறம் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்னப் பிள்ளைக்குத் திரையில் தெரிகிற அப்பா அப்பா இல்லை. இதைச் சட்டம் எழுதுகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். 'தொலைபேசி வசதி இருந்ததே' என்று பதில் சொல்வார்கள். ஆறு வயதுக்கு அது வசதி அல்ல.

நெட்டால்நிலா, திங்கள் மாலை 7.10

தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளும் மாட்டிக்கொண்டார்கள். கேப் டவுனில் ஒரு தம்பதி, பிள்ளைகள் புளூம்ஃபொன்டெய்னில் தாத்தா பாட்டி வீட்டில். கூட்டி வருவதற்கே மேற்கு கேப் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் 14-ல் அனுமதி கிடைத்தது. வக்கீல் வைக்கிற வசதி இருந்தவர்களுக்குக் கிடைத்தது. ஃபீனிக்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறவர் எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவார்?

வார்டுவிளக்கு, திங்கள் இரவு 8.40

ரெண்டுவீடு அண்ணா எழுதியதற்கு ஒட்டி ஒன்று. 'போகிற வீட்டில் தொற்று இருக்கக் கூடாது' என்ற வரியை நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். ஆனால் என்னோடு வேலை செய்த ஒரு நர்ஸுக்கு அதுவே எதிரியாகிவிட்டது. அவள் கோவிட் வார்டில் இருக்கிறாள் என்பதைச் சொல்லியே பிள்ளையின் அப்பா அனுப்ப மறுத்தார். அவளுக்குத் தொற்று இல்லை. பரிசோதனை முடிவைக் காட்டினாள். 'இன்றைக்கு இல்லை, நாளைக்கு வரலாம்' என்றார். ஊரே மாலை நேரத்தில் கை தட்டியது எங்களுக்கு. அவள் பிள்ளையைப் பார்க்காமல் டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தாள்.

வேலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று தயவுசெய்து எழுதுங்கள்.

டோங்காட் தாத்தா, செவ்வாய் காலை 6.15

பேரப்பிள்ளைகளே, நேற்று முழுக்கப் படித்தேன். என் பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்கிறேன்.

நோயின் பேரால் கதவை மூடுவது நமக்குப் புதிதில்லை. 1896 டிசம்பரில் கோர்லாண்ட், நாதேரி என்று இரண்டு கப்பல் பம்பாயிலிருந்து டர்பனுக்கு வந்தன. காந்தி அதில் ஒன்றில் இருந்தார். பம்பாயில் பிளேக் என்று சொல்லி 1897 ஜனவரி 13 வரை இறங்கவிடவில்லை. கப்பலில் நோயாளி இல்லை. கரையில் வெள்ளைக்காரக் கூட்டம் இந்தியரை இறங்கவிடாதே என்று கத்திக்கொண்டிருந்தது. 1904-ல் ஜோகன்னஸ்பர்கில் நிஜமாகவே பிளேக் வந்தது. நம் ஆட்கள் இருந்த குடியிருப்பைக் காலி செய்து, கிளிப்ஸ்ப்ரூட்டில் கூடாரம் போட்டு அனுப்பிவிட்டு, இடத்தையே கொளுத்தினார்கள். நோயும் நிஜம், அதைச் சாக்காக வைத்ததும் நிஜம்.

அப்புறம் 1913 மார்ச் 14. கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், நம் மதச் சடங்குப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே நாளில் நம் பாட்டிமார் யாரும் மனைவி இல்லை என்று ஆனது. அதற்காகத்தான் பெண்கள் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் சிறைக் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் போய்ச் சேர்ந்தாள். யார் குடும்பம், யார் குடும்பம் இல்லை என்று அரசாங்கம் காகிதம் கேட்கிறபோதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான் வரும்.

வெர்யுலம் கடைக்காரர், செவ்வாய் காலை 7.00

தாத்தா, மரியாதையோடு சொல்கிறேன். அது நிறத்தைப் பார்த்துப் போட்ட சட்டம். 2020-ல் போட்டது எல்லோருக்கும் ஒன்று. பணக்காரனும் வீட்டுக்குள்தான் இருந்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

டோங்காட் தாத்தா, செவ்வாய் காலை 7.25

வைக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். இந்த அரசு நாம் ஓட்டுப் போட்டு வந்தது. நான் கேட்பது காகிதத்தைப் பற்றித்தான். கீழே குங்குமம் எழுதியிருப்பதைப் படி.

குங்குமம் (சாட்ஸ்வொர்த்), செவ்வாய் காலை 7.20

நாங்கள் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டோம். ஐயர் வைத்து, தாலி கட்டி, ஊரே சாப்பிட்டது. ரெஜிஸ்டர் செய்யவில்லை. அந்தக் காலத்தில் நிறையப் பேர் செய்யவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் குடித்தனம்.

அவர் ஈஸ்ட் லண்டனில் வேலைக்குப் போன இடத்தில் தவறிப்போனார். கொண்டுவர வேண்டும், மாகாணம் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் கல்யாணச் சான்றிதழ் கேட்டார். இல்லை என்றேன். 'அப்படியானால் நீங்கள் அவருக்கு யார்?' என்றார். என் மகன் பக்கத்தில் நின்றான். அவன் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது. அவனுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். எனக்கு, 'துணைவர்' என்று சத்தியக் கடுதாசி எழுதி வாருங்கள் என்றார். எழுதி, கையெழுத்து வாங்கி, திரும்பி வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. மகன் கிளம்பிவிட்டான். அவரை ஏற்றிக்கொண்டு வரும்போது நான் கூட வரவில்லை.

விதியில் துணைவர் என்று இருந்ததாம். மேசைக்காரருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் கேட்டாரா, எனக்குத் தெரியாது. பெரிய குறை என்று சொல்ல வரவில்லை. மற்றவளுக்கு நடக்கக் கூடாது.

காவடிப்பூ, செவ்வாய் காலை 8.30

குங்குமம் அம்மா, விதி உங்கள் பக்கம் இருந்தது. 2008-ல் டர்பன் உயர் நீதிமன்றமே கோவேந்தர் வழக்கில், இந்து முறைப்படி மட்டும் கல்யாணமான பெண்ணை, கணவர் உயில் எழுதாமல் இறந்தால், சொத்துக்கு உரிய மனைவியாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இன்றுவரை நம் மதக் கல்யாணத்தை அப்படியே கல்யாணமாக ஏற்கிற பொதுச் சட்டம் வரவில்லை. அதனால்தான் மேசையில் இருக்கிறவர் இஷ்டத்துக்குக் கேட்க முடிகிறது.

இறுதிச்சடங்குக்குப் பயணம் செய்யலாம் என்று 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருத்தியபோது பட்டியல் போட்டார்கள்: கணவன், மனைவி அல்லது துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி. கடைசியில் 'இறந்தவரோடு நெருங்கிய தொடர்புடையவர்' என்று ஒரு வரி. அதற்கு முன்னால் அதுவும் கிடையாது. மார்ச் 27-ல் ம்புமலாங்கா நீதிமன்றத்தில் ஒருவர் தன் தாத்தாவின் இறுதிச்சடங்குக்குக் கிழக்கு கேப் போக அனுமதி கேட்டார். நீதிபதி அனுதாபப்பட்டார், ஆனால் சட்டத்தை மீற நான் அனுமதி கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். நீதிபதிக்கே கை கட்டியிருந்தது.

இங்கேதான் தாவூத் வழக்கு மறுபடி உதவும். அந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளியது எதை? கணவனுக்கோ மனைவிக்கோ தங்கும் அனுமதியைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்று விட்டிருந்தார்கள், எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டலும் இல்லை. உரிமையைத் தொடுகிற இடத்தில் அப்படி விடக் கூடாது என்றது நீதிமன்றம். 'நெருங்கிய தொடர்புடையவர்' என்பதும் அதே மாதிரிதான். சாட்ஸ்வொர்த்தில் கொடுப்பார்கள், இசிபிங்கோவில் மறுப்பார்கள். என்ன காட்டினால் போதும் என்று விதியே சொல்ல வேண்டும்: குடும்பத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், கோயில் அல்லது சங்கத்தின் கடிதம் போதும், இப்படி.

ஃபீனிக்ஸ் தங்கை, செவ்வாய் காலை 9.50

என்னை இங்கே யாரும் குறை சொல்ல மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் அண்ணன் சிறையில் இருக்கிறான். 2020 மார்ச் 15 அன்று ஜனாதிபதி அறிவித்தபோதே சிறைப் பார்வையை நிறுத்திவிட்டார்கள். முப்பது நாள் என்றார்கள், அது நீண்டுகொண்டே போனது.

உள்ளே நோய் பரவுகிறது என்று செய்தியில் வரும். அவனுக்கு வந்ததா இல்லையா என்று கேட்க ஆள் கிடையாது. போன் வரிசையில் நின்று கார்டு போட்டு அவன் கூப்பிட்டால்தான் உண்டு. அம்மா சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். நெருங்கித் தொட வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டியிருக்கலாம். கண்ணாடி முன்பிருந்தே இருக்கிறதே.

காவடிப்பூ, செவ்வாய் காலை 10.15

தங்கை, 35-ஆம் பிரிவில், அடைக்கப்பட்டவருக்குக் கணவன் மனைவி, நெருங்கிய உறவினர், சமயப் பெரியவர், தானே தேர்ந்த மருத்துவர் இவர்களோடு தொடர்புகொள்ளவும் அவர்கள் வந்து பார்க்கவும் உரிமை உண்டு என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. இவ்வளவு வெளிப்படையாக எழுதிய உரிமைக்கே மாற்று வழி யோசிக்கவில்லை என்றால் கடுமையாகத்தான் எழுத வேண்டும். பார்வையை நிறுத்துகிற நாளிலேயே இலவச அழைப்பு தொடங்க வேண்டும், உடல்நலம் பற்றிக் குடும்பத்துக்குச் சொல்ல ஒரு பொறுப்பாளர் வேண்டும். இது அதிகமான கோரிக்கை இல்லை.

ஜோபர்க் மதுரையான், செவ்வாய் பகல் 12.40

என் கதை இந்த விதிகளுக்குள் வராது, இருந்தாலும் ஒரு வார்த்தை. இந்தியா மார்ச் 23-லிருந்து வெளிநாட்டு விமானத்தை நிறுத்தியது, இங்கேயும் எல்லை மூடியது. அம்மா மதுரையில் போனபோது வாய்க்கரிசி போட நான் இல்லை. வேலை அனுமதியில் இங்கே இருக்கிறவர்களை இரண்டு நாடும் தன் பொறுப்பாக நினைக்கவில்லை. இது வேறு கடிதம், வேறு முகவரி. பிறகு பார்ப்போம்.

நெட்டால்நிலா, செவ்வாய் பகல் 2.30

முதியோர் இல்லத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். 2020 ஆகஸ்ட் 18-ல் ஊரடங்கின் இரண்டாம் கட்டம் வந்து, வீட்டுக்கு வீடு போய் உறவினரைப் பார்க்கலாம் என்று திறந்தார்கள். பத்துப் பேர் வரை கூடலாம். ஆனால் முதியோர் இல்லத்தின் கதவு திறக்கவில்லை. சிகரெட் கடை திறந்தது, மதுக்கடை திறந்தது. எனக்கு அந்த வாரம் தாங்கவே முடியவில்லை.

என் அம்மாவுக்கு மறதி நோய். நான் போகும்போது பெயர் சொல்லமாட்டார், ஆனால் என் கையில் சோறு வாங்கிச் சாப்பிடுவார். மற்றவர் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார். நான் வெறும் பார்வையாளர் இல்லை, அம்மாவின் சாப்பாடே நான்தான். பல மாதம் கழித்துத் தோட்டத்துப் பக்கம் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கவிட்டார்கள். அம்மாவின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போயிருந்தது. கை அவ்வளவு மெலிந்துவிட்டது. அங்கிருந்த பெண்கள் நல்லவர்கள், இரவு பகலாக உழைத்தார்கள். இரண்டு பேர் முப்பது பேருக்கு ஊட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஒரு குடும்ப ஆளை ஊழியர் மாதிரிக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊழியருக்குச் செய்கிற அதே பரிசோதனையை எனக்கும் செய்யுங்கள், அதே உடையைக் கொடுங்கள், வேறு எந்த அறைக்கும் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள்.

வார்டுவிளக்கு, செவ்வாய் பகல் 3.05

இதற்கு நான் முழு ஆதரவு. ஊட்டிவிட, புரண்டு படுக்க வைக்க, பேசவைக்க ஒரு சொந்தக்காரர் இருந்தால் எங்களுக்கும் பாரம் குறையும். 'ஒரு நோயாளிக்கு ஒரே ஆள், மாற்றக் கூடாது' என்று போட்டால் தொற்றுத் தடுப்புக் குழுவும் ஒத்துக்கொள்ளும்.

காவடிப்பூ, செவ்வாய் இரவு 9.20

இதுவரை வந்ததை வைத்து நான் எழுதப் போவது இது. பார்த்துத் திருத்துங்கள்.

கட்டுப்பாடு தேவைப்படும் காலம் வரும் என்று ஏற்றுக்கொண்டே தொடங்குகிறோம், வெர்யுலம் அண்ணாவின் அப்பா கதை முதலில். பெரிய கூட்டத்துக்கு வரம்பு வைப்பதை எதிர்க்கவில்லை. ஆனால் நான்கு பேருக்கு முன்னால் கதவை முழுதாக மூடக் கூடாது என்கிறோம்: உயிர் பிரியும் நிலையில் இருப்பவருக்கு ஒரு ஆள், தானாகச் சாப்பிடவோ பேசவோ முடியாதவருக்கு ஒரு ஆள், இரண்டு வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பெற்றோரும், அடைபட்டவருக்குக் கண்ணாடிக்கு அப்பால் நின்றாவது ஒரு உறவு. பிள்ளை விஷயத்தில் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் எழுத்தும் முதல் நாளிலிருந்தே போதுமானதாக இருக்க வேண்டும், பெற்றோரின் வேலை காரணமாகாது. மறுக்கிற அதிகாரி பெயரோடு, காரணத்தை எழுத்தில், அன்றைக்கே தர வேண்டும். சாகிறவர் விஷயத்தில் நாளைக்கு என்பது இல்லை. தடை எதுவானாலும் முடிகிற தேதி போட்டே தொடங்க வேண்டும்.

உரிமைகளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று பன்னாட்டுச் சட்ட வல்லுநர்கள் 1984-ல் வகுத்த சிராகுசா கோட்பாடுகளும் இதையே கேட்கின்றன: சட்டப்படி, தேவைக்கு ஏற்ற அளவில், குறைந்த பாதிப்போடு, காலவரம்போடு. அதையும் ஒரு வரி சேர்க்கிறேன்.

வெர்யுலம் கடைக்காரர், செவ்வாய் இரவு 10.00

இப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன். பதினாறாம் நாள் கூட்டத்துக்கு வரம்பு என்பதை மட்டும் மழுப்பாமல் நேராகவே எழுது அம்மா. நம் ஆட்களுக்கே அது கோபம் வரும், வரட்டும்.

டோங்காட் தாத்தா, புதன் காலை 6.05

நல்லா இருக்கு. பட்டியலில் தாய்மாமன் இல்லை. காது குத்திலிருந்து கடைசிக் காரியம் வரை நம் வீட்டில் முன்னால் நிற்கிறவன் அவன். 'நெருங்கிய தொடர்புடையவர்' என்ற வரியில் அவனை நிறுத்திக் கெஞ்சவிடாதே. சித்தப்பா, பெரியம்மா, அத்தை எல்லாரையும் சேர்.

காவடிப்பூ, புதன் காலை 7.40

சேர்க்கிறேன் தாத்தா. ஜூலு குடும்பங்களிலும் மாமாவும் பெரியப்பாவும் இல்லாமல் அடக்கம் நடக்காது, எங்கள் சாலையில் இருக்கிற அம்மாவிடம் நேற்றுக் கேட்டேன். அவர்கள் சபையும் கையெழுத்துப் போடத் தயார். வெள்ளிக்கிழமைக்குள் முழு வரைவை இந்த இழையிலேயே ஒட்டுகிறேன். இங்கிலீஷில் மாற்ற ஆள் வேண்டும், ஜோபர்க் தம்பி, உங்களால் முடியுமா?

ஜோபர்க் மதுரையான், புதன் காலை 8.15

முடியும் அக்கா. குங்குமம் அம்மாவின் பதிவை அவர் சொன்னபடியே மாற்றுகிறேன், சுருக்கமாட்டேன். அவருக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

குங்குமம், புதன் காலை 8.50

சம்மதம். ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள் தம்பி, மகன் இன்னும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறான்.